இடைவிடாமல் ஊதப் பழகுவது எப்படி? குமரி மாவட்டத்தில் புதிதாகக் குழல் பிடிப்பவர்களுக்கு

குழலை வாயிலிருந்து எடுக்காமல், சத்தம் அறுபடாமல் ஊதிக்கொண்டே இருக்கும் வித்தையைச் சுழல் மூச்சு என்கிறோம். நாதஸ்வரம், ஒத்து (சுருதிக்காக ஒரே சுரத்தை ஊதும் குழல்), மகுடி, கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாவற்றிலும் இது உண்டு. நம் மாவட்டத்தில் இது தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அம்மன் கோயில் கொடையில் நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போகும்போது நாதஸ்வரக்காரரைக் கவனித்துப் பாருங்கள், கன்னம் உப்பி உப்பி அடங்கும். ஆனால் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், "ஊத ஊத வந்துரும்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அது பொய்யில்லை. சின்ன வயதில் ஒத்து பிடித்து ஊதியே பழகியவர்களுக்கு, அது எப்படி வந்தது என்று பிரித்துச் சொல்ல வராது. வளர்ந்த பிறகு கற்க வருகிறவர்களுக்கு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நான் திணறித் திணறித் தெரிந்துகொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். படிகளை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இதற்கு நுரையீரல் பலம் பெரிதாகத் தேவையில்லை. நன்றாக இழுத்து விட்டால் வளர்ந்த ஒருவரின் மூச்சில் 3 முதல் 5 லிட்டர் காற்று இருக்கும். உப்பிய கன்னத்தில் அடங்குவது அதில் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கைக் கன்னத் தசையால் அழுத்தி வெளியே தள்ளும் ஒரு நொடிக்குள், மூக்கால் புதுக் காற்றை உள்ளே இழுத்துவிட வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், ஆனால் மேல்தொட்டியில் இருப்பது குழாயில் வந்துகொண்டிருக்கும். கன்னம்தான் அந்தத் தொட்டி. ஆகவே நீங்கள் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: கன்னத்தையும் நுரையீரலையும் தனித்தனியே வேலை செய்ய வைப்பது. அதை நாதஸ்வரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பெரிய செலவில்லாமல் கற்றுவிடலாம்.

1. முதலில் உடம்பு

உயர் ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்த நோய், குடலிறக்கம், அண்மையில் செய்த பல் அல்லது காது அறுவை சிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். கடுமையாக ஊதும்போது தலையிலும் கண்ணிலும் வயிற்றிலும் அழுத்தம் ஏறும்.

மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு இந்த வித்தை நடக்காது. ஒரு நொடியில் மூக்கு வழியே காற்று போக வேண்டும். ஒரு நாசியை விரலால் மூடி மற்றதால் வேகமாக இழுத்துப் பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டுமே தாராளமாக இழுக்க வேண்டும். எப்போதும் அடைப்பு என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். புறநோயாளிச் சீட்டுக்குப் பணம் கிடையாது. ஆதார் அட்டையும், பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் அவையும் கையில் இருக்கட்டும். காலையிலேயே போய்விடுங்கள். "குழல் ஊதப் போகிறேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கேற்ப அவர் பார்ப்பார்.

ஊதும்போது மூக்கு வழியே "ஸ்ஸ்" என்று காற்று கசிகிறதா? கசிந்தால் அண்ணத்தின் பின்பகுதி சரியாக மூடவில்லை. களைப்பாக இருக்கும்போது மட்டும் வந்தால் ஓய்வு போதும். தினமும் வந்தால் அதையும் அதே பிரிவில் காட்டுங்கள்.

2. ஆசானை எப்போது பிடிப்பது

நேரம் தவறிப் போனால் நல்ல ஆசான்கூட "பொறவு பாக்கலாம்" என்றுதான் சொல்வார். பங்குனி, சித்திரை, வைகாசியில் கொடைகள். ஆடியில் மறுபடி கொடை. ஆவணியிலும் தையிலும் கல்யாண முகூர்த்தம். மார்கழியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் சுசீந்திரம் திருவிழா இருக்கிறது. பேண்ட் செட்டில் கிளாரினெட் ஊதுகிறவர்கள் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவிலும், பிறகு கிறிஸ்துமஸ் வேலையிலும் இருப்பார்கள். ஆக, நாதஸ்வர ஆசான் ஓரளவு ஓய்வாகக் கிடைப்பது புரட்டாசியில். நவராத்திரி நாட்கள் நீங்கலாகப் பேசி வைத்துக்கொண்டு, விஜயதசமியன்று தொடங்குவதுதான் இங்கே வழக்கம். அதுவரை 3 முதல் 6 வரையுள்ள படிகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வாயில் வித்தையோடு போகிற மாணவரை ஆசான் வேறு கண்ணால் பார்ப்பார்.

கட்டணத்தை முதல் நாளே கேட்டுவிடுங்கள். வெற்றிலை பாக்கு, பழம், தட்சணை வைத்து வணங்குவது வேறு, மாதக் கட்டணம் வேறு. பல ஆசான்கள் தாமாகத் தொகை சொல்லக் கூச்சப்படுவார்கள். "கொடுக்கிறதைக் கொடுங்க" என்பதோடு விட்டால் இரண்டு பக்கமும் மனவருத்தம்தான் மிஞ்சும். மாதத்துக்கா வகுப்புக்கா, கச்சேரி நாளில் விட்டுப்போகும் வகுப்புக்கு என்ன ஏற்பாடு என்று பணிவாகப் பேசி முடிவுசெய்யுங்கள்.

முறையாகச் சான்றிதழோடு கற்க விரும்பினால் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளி திருநெல்வேலியில் இருக்கிறது. நாதஸ்வரம் 3 ஆண்டுப் படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். நாதஸ்வரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படம் ஆகியவற்றைக் கோடை விடுமுறையிலேயே தயார் செய்துவிடுங்கள். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தினமும் வடசேரியிலிருந்து பஸ் ஏறிப் போய் வருவதா, அங்கேயே தங்குவதா என்பதை வீட்டில் பேசிய பிறகு விண்ணப்பியுங்கள். சேர்ந்தவுடன் சுழல் மூச்சு என்று எதிர்பார்க்க வேண்டாம். சரளி வரிசையில்தான் தொடங்கும், அப்படித் தொடங்குவதுதான் சரி.

3. 'ங்' என்று நிறுத்துங்கள்

நான் மிகவும் தேடி அடைந்த படி இது. "தங்கம்" என்று சொல்லத் தொடங்கி, நடுவில் "தங்ங்ங்" என்று 'ங்' எழுத்திலேயே நில்லுங்கள். இப்போது நாக்கின் பின்பகுதி மேலே எழும்பி மெல்லண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வாய் தனி அறையாகிவிட்டது. தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது. சுழல் மூச்சில் மூக்கால் இழுக்கும் நொடியில் வாய்க்குள் இருக்க வேண்டிய நிலை அச்சு அசலாக இதுதான்.

அந்த நிலையைக் கலைக்காமல், சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, உதட்டை மூடிக் கன்னத்தை உப்பச் செய்யுங்கள். உப்பிய கன்னத்தோடு மூக்கால் சாதாரணமாக மூச்சு விட்டு வாங்குங்கள். கன்னம் சுருங்கக் கூடாது. அடுத்து, கன்னத்தில் இருக்கும் காற்றை உதட்டு நடுவில் சிறு துளை வழியே கன்னத் தசையால் மட்டும் அழுத்தி வெளியேற்றுங்கள். உள்ளங்கையை முன்னால் வைத்தால் மெல்லிய காற்று படும். அந்தக் காற்று படும்போதே மூக்கால் இழுங்கள்.

இங்கே பலர் விழும் குழி: கன்னத்தை அழுத்தும்போது வயிறும் சேர்ந்து அழுத்தும். அப்படியானால் நீங்கள் நுரையீரலிலிருந்துதான் ஊதுகிறீர்கள். வயிற்றின் மேல் ஒரு கை வையுங்கள். காற்று வெளியேறும் நொடியில் வயிறு உள்ளே போகக் கூடாது, மூக்கால் இழுப்பதால் வெளியே வர வேண்டும்.

4. வாய் நிறையத் தண்ணீர்

கொல்லைப்புறத்தில் தென்னை மூட்டில் நின்று செய்யுங்கள். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, சற்று முன்னால் குனிந்து, உதட்டின் சிறு துளை வழியே மெல்லிய நூல்போல் பீய்ச்சுங்கள். அந்த நூல் அறுபடாமல் மூக்கால் மூச்சு இழுங்கள். தண்ணீருக்குத் தொண்டை வழியே தள்ளுதல் கிடையாது என்பதால் ஏமாற்றவே முடியாது, கன்னம்தான் வேலை செய்தாக வேண்டும். அண்ணாந்து நின்றால் புரையேறும், குனிந்தே நில்லுங்கள். சிறுவர்களைத் தனியாகச் செய்ய விட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் இது கைவந்துவிடும். வந்ததும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

5. டம்ளரும் குழாயும்

பாதி வித்தை இந்தப் படியில் இருக்கிறது. அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள் மறுபடி இங்கேதான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. காகிதக் குழல் ஐந்தே நிமிடத்தில் ஊறிச் சப்பையாகிவிடும். மீன்தொட்டிக்குக் காற்று போகும் மெல்லிய ஒளிபுகும் குழாய்தான் இதற்குப் பொருத்தம். வண்ணமீன் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் மலிவாகவே கிடைக்கும். புதிதாக வாங்கிக் கழுவி, ஒரு முழ நீளம் வெட்டி, சுருளாமல் இருக்க நாலைந்து ஈர்க்குச்சியோடு சேர்த்துக் கட்டுங்கள். பப்பாளி இலைக் காம்பும் ஆகும். ஆனால் பால் வடியும், உதடு எரியும். வெட்டிக் கழுவி, பால் வற்றிய பிறகு பயன்படுத்துங்கள்.

டம்ளரில் தண்ணீர் வைத்து, குழாயின் நுனியை இரண்டு விரற்கடை ஆழத்தில் மட்டும் வைத்து ஊதுங்கள். குமிழி சீராக வரட்டும். இப்போது இந்த நான்கையும் வரிசையாகச் செய்யுங்கள்: நுரையீரலிலிருந்து ஊதிக்கொண்டே கன்னத்தை மெதுவாக உப்பச் செய்வது, 'ங்' நிலைக்கு வந்து கன்னத்தால் அழுத்துவது, அந்த நொடியில் மூக்கால் இழுப்பது, மறுபடி நுரையீரலிலிருந்து ஊதுவது.

முதல் நாட்களில் குமிழி நின்று நின்று வரும். எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் மூக்கால் இழுக்கும் இடத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். உண்மையில் அறுபடுவது அதற்குப் பிறகு, கன்னத்திலிருந்து நுரையீரலுக்குத் திரும்பும் இடத்தில். கன்னக் காற்று முழுவதும் தீரும்வரை காத்திருந்தால் அங்கே இடைவெளி விழும். கன்னத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நுரையீரல் தள்ளத் தொடங்க வேண்டும். ஒளிபுகும் குழாய் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அழுத்தம் ஒரு கணம் குறைந்தாலும் தண்ணீர் குழாய்க்குள் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு குழி, இதைவிடப் பெரியது: மூச்சு முட்டும்வரை ஊதிவிட்டு மூக்கால் இழுக்கப் பார்ப்பது. நுரையீரல் காலியானால் உடம்பு பதறும், ஒரு நொடி இழுப்பு அதற்குப் போதாது. பாதி மூச்சு மிச்சம் இருக்கும்போதே இழுங்கள். "காத்து தீந்த பொறவு மூக்கைத் தொறந்து என்ன பிரயோசனம் மக்கா?" என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் அப்படியே தருகிறேன்.

ஆழத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். நீங்கள் தர வேண்டிய அழுத்தம் குழாய் நுனி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு. 5 சென்டிமீட்டரில் நன்றாக வந்ததும் 10, பிறகு ஒரு லிட்டர் பாட்டிலில் 20 சென்டிமீட்டர் ஆழம். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் நாக்கான சீவாளி அதிர இதைவிடவும் அதிக அழுத்தம் வேண்டும். டம்ளரில் வந்தது குழலில் வரவில்லையே என்று பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான். காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் போதும். வெறும் வயிற்றில் செய்தால் தலை சுற்றும், வயிறு முட்டச் சாப்பிட்டதும் செய்தால் நெஞ்சை அடைக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். தலை லேசாகச் சுற்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். சிலருக்கு ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

6. பூவரசு இலைப் பீப்பி

இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை, ஆனால் இதைவிட நல்ல பாலம் எனக்குக் கிடைக்கவில்லை. முற்றிய பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால் சப்பையாக்கி ஊதினால் பீப்பி கத்தும். சிறு வயதில் செய்திருப்பீர்கள். சீவாளியும் இதே தத்துவம்தான். இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. தண்ணீரில் கண்ணால் பார்த்த குறையை இங்கே காதால் கேட்பீர்கள். அழுத்தம் தளர்ந்தால் பீப்பி நின்றுவிடும். இலை சீக்கிரம் நைந்து போகும், பத்துப் பதினைந்து பறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. சீவாளி

இனிதான் பணம். சீவாளிக்குரிய நாணல் வேலை பெரும்பாலும் தஞ்சைப் பக்கத்தது. நீங்களாக அலைந்து வாங்குவதைவிட, ஆசான் தமக்கு வாங்கும்போது உங்களுக்கும் சேர்த்து வாங்கித் தரச் சொல்லுங்கள். தொடக்கத்துக்கு அவர் ஊதிப் பதமான பழைய சீவாளி ஒன்றையும் கேளுங்கள். புதிய கெட்டிச் சீவாளியில் சுழல் மூச்சு பழகுவது உதட்டைப் புண்ணாக்கும் வேலை. சீவாளி ஒரு தடவைச் செலவு கிடையாது. தேயும், பிளக்கும், மாற்ற வேண்டிவரும். நாதஸ்வரத்துக்கே பல ஆயிரம் ஆகும், ஆகவே இந்தப் படி கைவரும்வரை சொந்தக் குழல் வாங்க அவசரப்படாதீர்கள். வாங்கும்போது ஆசானைக் கூட அழைத்துப் போங்கள், ரசீது வாங்கி வையுங்கள்.

சீவாளியைத் தண்ணீரில் நனைத்து, கெண்டையில் (சீவாளியைக் குழலோடு இணைக்கும் சிறு உலோகக் குழாய்) செருகி, குழல் இல்லாமல் தனியாக ஊதுங்கள். கன்னத்தை அழுத்தும்போது உதட்டோரம் தளர்ந்து காற்று பக்கவாட்டில் கசியும். கன்னம் அசைய வேண்டும், வாயின் இரு ஓரமும் அசையக் கூடாது. கண்ணாடி முன் நின்று பழகுங்கள். கடற்கரைக் காற்றில் சீவாளி வேகமாகக் காயும். முட்டம், மணக்குடி பக்கம் இருப்பவர்கள் அடிக்கடி நனைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சீவாளியை இன்னொருவர் வாயில் வைக்கும் முன் நன்றாகக் கழுவ வேண்டும். சளி இருக்கும் நாளில் தொடவே வேண்டாம்.

8. குழலில் ஒரே சுரம்

சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, சிரமமில்லாமல் நிற்கும் நடு சுரம் ஒன்றை எடுத்துப் பிடியுங்கள். நாதஸ்வரத்தில் சுரம் விரலால் மட்டும் நிற்பதில்லை, காற்றின் அழுத்தத்தாலும் உதட்டாலும் நிற்கிறது. அழுத்தம் குறைந்தால் சுரம் இறங்கும். சத்தம் அறுபடவில்லை என்று மட்டும் பார்த்து மகிழாதீர்கள், சுருதியோடு சேர்கிறதா என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் திரும்பும் இடத்தில் விழும் இறக்கம் பளிச்சென்று தெரியும்.

ஒரே சுரத்தில் அந்த இறக்கம் போக நாளாகும். அதுவரை, விரல் அசையும் இடத்தில் மூச்சை எடுங்கள். இரண்டு சுரங்களுக்கிடையே வேகமாக ஆடும் பிடியில் எடுத்தால் கேட்பவர் காதுக்கு ஒன்றும் தெரியாது. நையாண்டியில் வேகமான உருப்படிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சில நிமிடம் தொடர்ந்தால் மூச்சு முட்டும், ஆனால் நெஞ்சு நிறைந்தாற்போலவும் இருக்கும். காற்று குறைந்ததாக நினைத்து இன்னும் இழுக்காதீர்கள். உள்ளே கிடப்பது பழைய காற்று. ஒரு சுற்றில் கன்னம் ஊதும்போது மூக்கால் வெளியே விடுங்கள், அடுத்த சுற்றில் இழுங்கள். அது கைவராதவரை குழலை இறக்கிவைத்து ஓய்வெடுங்கள்.

ராக ஆலாபனையில் இதை எல்லா இடத்திலும் திணிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சங்கதி முடியும் இடத்தில் மூச்சு விடுவது பாட்டின் இயல்பு. நிற்க வேண்டிய கார்வை (ஒரே சுரத்தில் நீட்டி நிற்பது), விட்டுப்போகக் கூடாத ஓட்டம், இவற்றுக்கு மட்டும் வையுங்கள்.

பக்கத்து வீடுகள் ஒட்டி இருக்கும் தெருவில் விடியற்காலையில் ஊதாதீர்கள். குளத்தங்கரையோ தென்னந்தோப்போ ரப்பர் தோட்டமோ, உரியவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

9. வேறு கருவி என்றால்

கிளாரினெட், சாக்ஸபோன்காரர்களுக்கு 6ஆம் படி வரை எல்லாம் ஒன்றே. 2 அல்லது 2½ எண் ரீடில் தொடங்குங்கள். டிரம்பெட்டில் உதடே அதிர்வதால் கன்னத்தை உப்பும்போது உதடு கலையும், கூடுதல் பொறுமை வேண்டும். புல்லாங்குழலில் காற்றுக்குத் தடையே இல்லை, கன்னக் காற்று சட்டென்று தீர்ந்துவிடும். முதல் கருவியாகப் புல்லாங்குழலில் இதை முயல வேண்டாம்.

10. மேளத்தில் நிற்பது

முதல் தடவை தனியாக வாசிக்கப் போகாதீர்கள். ஆசானிடம் ஒத்து இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, அவர் பக்கத்தில் நின்று பிடியுங்கள். ஒத்தில் விரல் வேலை கிடையாது, ஒரே சுருதியை விடாமல் பிடிப்பது மட்டும்தான். பல மேளங்களில் சுருதிப் பெட்டி வந்து ஒத்தை ஓரங்கட்டிவிட்டது. எங்காவது ஒரு வீட்டுப் பரணில் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். கொடை இரவு முழுக்க நடக்கும் என்பதால், எந்தப் பூஜைக்கு நீங்கள் நிற்க வேண்டும், எப்போது இறங்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நனைத்த சீவாளிகள் இரண்டு மூன்று, துடைக்கத் துணி, ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

தொடர்ந்து நிகழ்ச்சிக்குப் போகத் தொடங்கிவிட்டால் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல், புகைப்படம், நீங்கள் வாசித்த நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்கள், படங்கள் எல்லாவற்றையும் முதல் நிகழ்ச்சியிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள்.